மேசைமேற் கிடப்பவர் யார்?

கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இல் தொடங்கியது. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலிருந்து எத்தனையோ தமிழ் மாணவர் கின்சி வீதிக்குச் சென்று கற்றுள்ளனர். முதன்முதலாகப் பிரேத பரிசோதனையைக் காணும் நாளில், மயக்கம் வருமோ என்பதே மாணவனின் அச்சம். நம்மை வருத்தும் வினா வேறு: மேசைமேற் கிடப்பவரைப் பார்க்கும் உரிமையை அவனுக்கு அளித்தவர் யார்?

பார்க்கவே கூடாதென்பது நம் கட்சியன்று. ஈரல் எவ்வாறு இறுகியது, வைத்தியரின் முடிபு எங்கே பிழைத்தது என்பவற்றை உடல்தான் சொல்லும். 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் பிறவிடங்களிலும் குண்டுகள் வெடித்தன. முதலில் 359 எனப்பட்ட இறந்தோர் தொகை, பிரேத பரிசோதனைகள் முடிந்தபின் 253 எனத் திருத்தப்பட்டது. சிதைந்த உடல்கள் சில இருமுறை எண்ணப்பட்டிருந்தன. (அந்த 106 ஐ வெறும் கணக்குப் பிழையென்று கடந்து செல்ல நம்மால் இயலவில்லை.) எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை என்பதைத் தீர்க்க, கத்தியும் மரபணு ஒப்பீடும் வேண்டியிருந்தன.

நோயறியும் பொருட்டு வைத்தியசாலையிற் செய்யும் பரிசோதனைக்கு உறவினரின் சம்மதம் வேண்டும். மரண விசாரணைக்காக ஆணையிடப்படுவதற்கு வேண்டியதில்லை. அது நியாயமே. கொன்றவனே உறவினனாயும் இருக்கலாம்; பொலிஸ் காவலில் மாண்டவனின் கதையைப் பொலிசாரின் வாய்க்கு விட்டுவிடவும் முடியாது. ஆனால் அவ்வாணை மரண காரணத்தை அறியவே பிறந்தது. மாணவர் சூழ்ந்து நின்று கற்பதற்கன்று. ஒரு தேவைக்குப் பெற்ற அதிகாரம், யாரையும் கேளாமல் இன்னொரு தேவைக்கு நீளுமாயின் அது அறமாகுமா?

அதுவும் யாருடைய உடல்மீது? கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவன், தண்டவாளத்தில் அடிபட்டவன், தெருவோரத்தில் பெயரின்றி இறந்தவன். குடும்ப வைத்தியர் சான்றிதழ் எழுத, சொந்தக் கட்டிலில் கண்மூடுபவர் இம்மேசைக்கு வருவது அரிது. இங்கிலாந்தில் கொலையாளிக்குரிய மேலதிகத் தண்டனையாக இருந்த உடலறுப்பு, 1832 ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஏழை விடுதிகளில் உரிமை கோருவாரின்றி இறந்தோரின் விதியாயிற்று. குற்றம் இருந்த இடத்தில் வறுமை அமர்ந்தது!

இந்நாட்டிற் கண்தானம் செய்வோர் பலர். உடலையே வைத்தியக் கல்லூரிக்கு எழுதிவைப்போரும் உளர். கேட்டாற் கொடுக்கும் மக்கள் இவர்கள். சவச்சாலை வாசலிற் காத்திருக்கும் கொட்டாஞ்சேனைத் தாயிடம், அவளறிந்த தமிழில், "உங்கள் மகனிடமிருந்து இந்த மாணவர்கள் கற்கலாமா அம்மா?" என்று கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கேட்கும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைக்கலாம் என்பது நம் எண்ணம். அவள் மறுத்தால், அன்று அவர்கள் அவளோடு வெளியே நிற்கட்டும்.