கோமாளியின் சொற்பிழை

இளைஞர் முன்னிலையில் ஷேக்ஸ்பியரை நடித்துக் காட்டும் நகைச்சுவை நடிகனைப் பற்றி நம்மிடையே ஓர் இளக்காரமான எண்ணம் உண்டு. கசப்பு மருந்தின்மேல் தடவிய தேன் அவன். பிள்ளைகள் கொட்டாவி விடாதிருக்கும்பொருட்டு இடையிடையே மேடைக்கு அனுப்பப்படுபவன். மருந்து உள்ளே இறங்கியபின் அவனை மறந்துவிடலாம் என்பதே அவ்வெண்ணம். இதை நாம் ஏற்பதற்கில்லை. அவன் மேடையில் நிற்கும் சில நிமிடங்களில் பிள்ளைகள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதை.

'மச் ஆடோ அபவுட் நத்திங்' என்னும் இன்பியல் நாடகத்தில் டாக்பெரி என்றொரு காவலர் தலைவன் வருகிறான். எழுத்தும் பதவியும் உடையோரின் பெரிய சொற்களின்மேல் அவனுக்குத் தீராத மோகம். அவற்றைப் பிடித்திழுத்து இடம் மாற்றி வைக்கிறான். புகழ நினைத்த இடத்தில் இகழ்ச்சிச் சொல் வந்து விழுகிறது. அந்தப் பாத்திரத்தை முதலில் ஏற்றவன் வில் கெம்ப் என்ற புகழ்பெற்ற கோமாளி. 1600-இல் வெளிவந்த நாடகப் பதிப்பில், ஒரு காட்சியில், டாக்பெரியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கெம்பின் பெயரே அச்சாகியிருக்கிறது. பாத்திரமும் நடிகனும் அவ்வளவுக்கு ஒன்றாகிவிட்டனர். இலண்டனிலிருந்து நாரிச் வரை ஒன்பது நாள் ஆடிக்கொண்டே சென்றவன் அந்த கெம்ப்; பண்டிதர் கூட்டத்துக்காக மட்டும் பிறந்த கலைஞனல்லன்.

கதையைச் சற்றுக் கவனிப்போம். ஹீரோ என்னும் குற்றமற்ற பெண்மேல் பழி சுமத்தச் சதி நடக்கிறது. இளவரசன் ஏமாறுகிறான், போர்முனை கண்ட வீரரும் ஏமாறுகின்றனர். அச்சதியை ஒட்டுக்கேட்டுப் பிடிப்பவர்கள் டாக்பெரியின் கீழுள்ள ஏழை இரவுக் காவலர்களே. திருமணத்தன்று காலையில் செய்தி சொல்ல டாக்பெரி ஆளுநரின் வீட்டுக்கு ஓடுகிறான். சொற்கள் தடுமாறுகின்றன, சுற்றி வளைக்கிறான். ஆளுநருக்குப் பொறுமையில்லை, விசாரணையை நீயே நடத்திக்கொள் என்று அனுப்பிவிடுகிறார். சற்று நேரத்தில் மணமேடையில் அவருடைய மகளே அவமானப்பட்டு வீழ்கிறாள்.

அந்தக் காலைக் காட்சியில் நடிகனுக்கு இரண்டு வழிகள் உண்டு. உளறலை மட்டும் ஊதிப் பெருக்கி அரங்கைக் குலுங்க வைக்கலாம், கைதட்டலுக்குக் குறைவிராது. அல்லது, இவன் எதையோ சொல்லத் துடிக்கிறான், அது இன்னும் வெளிவரவில்லை என்ற தவிப்பையும் சிரிப்போடு சேர்த்துத் தரலாம். முதல் வழியில் சென்றால், பிள்ளைகளும் ஆளுநரோடு சேர்ந்து அவனை விரட்டியவர்கள் ஆகிறார்கள்.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில், ஒரு பள்ளி மண்டபத்தில் இந்தக் காட்சி நடப்பதாக வைத்துக்கொள்வோம். இந்நாட்டில் ஆங்கிலத்தைச் சிங்கள இளைஞர் 'கடுவ' என்பர். வாள் என்று பொருள். வெட்டப்பட்டவர்கள் இட்ட பெயர் அது. வகுப்பில் எழுந்து நின்று ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாக உச்சரித்துச் சக மாணவரின் சிரிப்புக்கு ஆளான பிள்ளை, எந்த மொழி பேசும் வீட்டிலிருந்து வந்திருந்தாலும், அந்த மண்டபத்தில் கட்டாயம் இருக்கும். மேடையில் நிற்பவன் தானே என்பது அதற்குத் தெரியும். ஊரோடு சேர்ந்து அது தன்னைத் தானே சிரித்துக்கொள்ள வேண்டுமா?

சிரிப்பின் திசையை நடிகனால் மாற்ற முடியும் என்பதற்கு மேடை வரலாறே சான்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷைலக்கைக் கோமாளியாக்கி, யூதனை எள்ளிச் சிரிக்க வைத்தனர். 1741-இல் சார்ல்ஸ் மக்ளின் அவனை அச்சமூட்டும் மனிதனாக நிறுத்தினார். 1814-இல் எட்மண்ட் கீன் அவனுடைய வேதனையையும் காட்டினார்.  அரங்கில் சிரிப்பு நின்றுபோயிற்று.

நம் பக்கத்து உதாரணம் உத்பல் தத். ஜெஃப்ரி கெண்டலின் 'ஷேக்ஸ்பியரானா' குழு 1947 முதல் இந்தியப் பள்ளிக்கூடங்கள்தோறும் நாடகம் நடத்திச் சென்றபோது, அதில் சேர்ந்து பயின்ற வங்க இளைஞர் அவர். பின்னர் ஆங்கில மேடையை விட்டு, 'மக்பெத்' நாடகத்தை வங்க மொழியில் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார். அரசியல் நாடகங்களுக்காகச் சிறையும் கண்டார். திரையில் அவர் நாட்டையே சிரிக்க வைத்தது 1979-இல் வந்த 'கோல்மா'லில். மீசையை வைத்து ஆளை எடைபோடும் முதலாளி வேடம். ('தில்லு முல்லு'வில் தேங்காய் சீனிவாசன் ஏற்றது அவ்வேடத்தையே.) அங்கே சிரிப்பு விழுவது வேலை தேடி வந்தவன்மேல் அன்று, வேலை கொடுப்பவன்மேல்.

டாக்பெரியைத் தமிழாக்க முனைவோர் பலரும் அவனுக்குத் தோட்டத்துப் பேச்சையோ நாட்டுப்புறக் கொச்சையையோ கொடுத்துவிடத் தூண்டப்படுவர். எளிதில் சிரிப்பு வரும். ஆனால் அது மூலத்துக்குச் செய்யும் துரோகம். டாக்பெரி தன் சொந்தப் பேச்சில் எங்கும் தடுக்கி விழுவதில்லை. அதிகாரத்தின் சொற்களை எட்டிப் பிடிக்கும்போதுதான் விழுகிறான். ஆகவே தமிழ் டாக்பெரி தடுக்கவேண்டிய இடம் கச்சேரிக் கடிதத்தின் நடை, வழக்கறிஞர் வாயில் புரளும் சொல், விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பத்தி. பல்லேபொலப் பிள்ளைகள் அதையெல்லாம் அறிவார்கள். தந்தைக்கு வந்த கடிதத்தைத் திண்ணையில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னவர்கள் அவர்கள்தாமே.