சந்தேகம் எப்போது நோயாகிறது?

'லேசுல எவனையும் நம்பிடாத' என்று சொல்லித்தான் எங்களைச் சேரியில் வளர்த்தார்கள். இது நோயா? கறுப்பர்கள் அமெரிக்காவில் உயிர் பிழைத்திருக்க இந்தச் சந்தேகம் தேவை என்று 1968இல் 'பிளாக் ரேஜ்' நூலில் எழுதினார்கள், கறுப்பின மனநல மருத்துவர்கள் வில்லியம் கிரியரும் பிரைஸ் காப்ஸும். ஏற்கிறேன்.

ஆனால், ஆதாரமே இல்லாமல் தோழரையும் கூட வாழ்கிறவரையும் காலமெல்லாம் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். அடிக்கிற கையும் அணைக்கிற கையும் அவர்களுக்கு ஒன்றுதான். இதைத்தான் மருத்துவம் 'பாரனாய்டு' ஆளுமைக் கோளாறு என்கிறது. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. நம்பிக்கை உண்டாகும்படி நெடுநாள் பேசுவதுதான் முக்கிய வைத்தியம்.

அரசியல் பேசி இந்த வேதனையை நாம் மூடி மறைக்கக் கூடாது. வைத்தியரும் எல்லாமே பிரமை என்று தள்ளக் கூடாது. பட்ட அவமானம் நிஜம்னு முதல்ல ஒத்துக்கணும். அப்போதுதான், படாததைப் பிரித்துப் பார்க்க அந்த மனசு துணியும்.