ரேஸ் குறிப்பும் நம் கல்லாப் பெட்டியும்

அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றோம். புகழனைத்தும் அவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

1842-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயச் சங்கம் ஒன்று ஆரம்பமாயிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் ஃபேரர் பார்க் திடலில் முதல் பந்தயம் ஓடியது. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறதே, அது அந்தத் திடலை வைத்து வந்த பெயர்தான். 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போயிற்று. 1999-இல் கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 5, சனிக்கிழமை, பத்துப் பந்தயங்களோடு முடிந்தும் போயிற்று. அன்று நம்மவர் பலர், "தொல்லை விட்டது" என்று பெருமூச்சு விட்டார்கள். எங்கே விட்டது? ஓடுகிற குதிரைதான் இவ்வூரை விட்டுப் போயிற்று; பணம் கட்டுகிற கை இங்கேயே இருக்கிறது. ஹாங்காங்கில் ஓடும் குதிரைக்கும் ஆஸ்திரேலியாவில் ஓடும் குதிரைக்கும் இங்கிருந்தபடியே பணம் கட்ட வழியுண்டு. முன்பாவது, கிராஞ்சிவரை பஸ் ஏறிப் போகவேண்டும் என்ற சோம்பலாவது சிலரைக் காப்பாற்றியது. இப்போது சட்டைப் பையில் இருக்கும் போனே போதும்.

ஆதலால், பந்தயத்துக்கு முன்பே "முதல் ரேஸில் இது, மூன்றாவது ரேஸில் அது" என்று பொறுக்கிக் கொடுக்கிறார்களே, அந்தக் குறிப்பைப் பற்றி இம்மாதம் கொஞ்சம் பேசுவோம். நம்மிடம் தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் அதைத்தான் மடித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிறவர்களோடு நில்லாமல், பெட்டியடியில் இருப்பவரும் சில கடைகளில் எட்டிப் பார்க்கிறார் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

குறிப்பு எழுதுகிறவர் ஒன்றும் தெரியாதவர் என்று நாம் சொல்லவில்லை. குதிரை கடைசியாக ஓடிய நாலைந்து ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, அதற்கு ஒத்த தூரம் ஆயிரத்து இருநூறு மீட்டரா ஆயிரத்து அறுநூறா, தரை காய்ந்திருக்கிறதா மழையில் ஊறியிருக்கிறதா, புறப்படும் கூண்டு உட்கம்பிக்குப் பக்கத்திலா வெளிப்புறத்திலா, ஏறுகிற ஜாக்கி யார், காலைப் பயிற்சியில் எத்தனை வினாடியில் ஓடியது, இவையெல்லாம் அவர் பார்க்கிறார். இது ஜோசியமல்ல. மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று சொல்வது போன்ற கணக்குத்தான். இதை ஜோசியத்தோடு சேர்த்துத் திட்டுகிறவர்கள் உண்டு. அது சரியான வழக்கு என்று நமக்குப் படவில்லை. குற்றம் கணக்கில் இல்லை, அந்தக் கணக்கின் பேரில் வைக்கிற பணத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் வியாபாரிகளாகிய நாம் பார்க்கவேண்டும். நன்றாக ஓடுகிற குதிரைக்குச் சேணத்தில் ஈயம் வைத்துப் பாரத்தைக் கூட்டுவார்கள். மட்டமான குதிரைக்குப் பாரத்தைக் குறைப்பார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே சமயத்தில் வந்து சேரவேண்டும் என்பதுதான் பாரம் போடும் அதிகாரியின் நோக்கம். அதாவது, குறிப்புக்காரர் ஒருவர் கணிக்க உட்காருகிறார். அந்தக் கணிப்பைக் கெடுப்பதையே உத்தியோகமாகக் கொண்டு இன்னொருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்! ஊரெல்லாம் கூடி "இதுதான் ஜெயிக்கும்" என்று அதிகமாகப் பணம் கட்டுகிற குதிரைகூட, மூன்று பந்தயத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் முதலாவதாக வருகிறது. அப்படி வந்தாலும் கைக்குக் கிடைப்பது சொற்பம். ஏனென்றால், நல்ல குறிப்பை எல்லோரும் படிக்கிறார்கள், எல்லோரும் அதிலேயே கட்டுகிறார்கள், பங்கு சிறுத்துவிடுகிறது. பம்பாய் வெங்காயம் விலை ஏறப்போகிறது என்று பத்திரிகையில் வந்த பிறகு வெங்காயம் வாங்கப் போகிறவனுக்கு என்ன லாபம் கிடைக்குமோ, அதுதான் இதிலும்.

இனிக் கல்லாக் கணக்குக்கு வருவோம். டோட் என்ற முறையில், கட்டிய பணமெல்லாம் ஒரே பெட்டியில் சேரும். அதில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பத்துப்பேர் ஆளுக்குப் பத்து வெள்ளி கட்டினால் நூறு வெள்ளி. நூற்றுக்கு இருபது எடுக்கிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் பந்தயம் முடிந்ததும் பத்துப்பேர் கையிலும் சேர்ந்து எண்பது வெள்ளி. அந்த எண்பதையும் அடுத்ததில் கட்டினால் அறுபத்துநாலு. அதற்கடுத்ததில் ஐம்பத்தொன்றும் சில்லறையும். இப்படியே பத்துப் பந்தயம் கட்டி முடித்தால் பத்துப்பேருக்கும் சேர்த்து மிஞ்சுவது பதினொரு வெள்ளிக்கும் குறைவு. எந்தக் குதிரை ஜெயித்தது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் வரவில்லை, கவனித்தீர்களா? குறிப்பு சரியாயிருந்தாலும் தப்பாயிருந்தாலும் பெட்டிக்குள் போன நூறு வெள்ளி இப்படித்தான் கரையும். குறிப்பின் சாமர்த்தியமெல்லாம், மிஞ்சுகிற பதினொரு வெள்ளி பத்துப்பேரில் யார் கைக்குப் போவது என்பதில்தான்.

இதைச் சொன்னால் சில தம்பிமார்கள் கேட்கிறார்கள்: "காக்கா, நாயகம் (ஸல்) அவர்களே குதிரை ஓட்டம் நடத்தியிருக்கிறார்களே?" நல்ல கேள்வி. ஆம், நடத்தியிருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசுவது மார்க்கத்துக்கு நன்மை செய்வதாகாது. புகாரி ஷரீபில் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. தீனியை அளவாக்கி, போர்வை போட்டு வியர்க்க வைத்து, மெலிவித்துப் பழக்கிய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையில் ஓடவிட்டார்கள். அது ஐந்தாறு மைல். பழக்காத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவரை, சுமார் ஒரு மைல். இளைத்த குதிரைக்கும் பழகாத குதிரைக்கும் ஒரே தூரம் வைக்கவில்லை என்பதைப் பாருங்கள். வாயில்லா ஜீவன் மீதும் எத்தனை இரக்கம்! இப்னு உமர் (ரலி) அவர்களும் அந்த ஓட்டத்தில் குதிரை ஏறியவர்களே. குதிரைகளின் நெற்றிமுடியிலே கியாமத்து நாள்வரை நன்மை பிணைந்திருக்கிறது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள்.

பின் எங்கே வேறுபாடு? பரிசு யார் பணம் என்பதில் இருக்கிறது. ஓட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றின் போட்டிக்குப் பரிசு வைக்கலாம் என்று ஹதீஸ் இருக்கிறது. அதை வைத்து நம் இமாம்கள் சட்டம் பிரித்துச் சொல்கிறார்கள். அரசரோ வெளியாள் ஒருவரோ பரிசு கொடுத்தால் கூடும். ஓடுகிற இருவரில் ஒருவர் மட்டும், "நீ ஜெயித்தால் இதை எடுத்துக்கொள், நான் ஜெயித்தால் உனக்கு நஷ்டமில்லை" என்று வைத்தாலும் கூடும். இருவரும் வைத்து, ஜெயித்தவன் இரண்டையும் அள்ளிக்கொள்வது என்றால் அது சூது. இதனைச் செல்லுமாறு செய்ய, எதுவும் வைக்காத மூன்றாவது ஓட்டக்காரன் ஒருவனைச் சேர்க்கவேண்டும் என்று இமாம்கள் நிபந்தனை போட்டார்கள். இதிலே எல்லோரும் ஓட்டக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். குதிரையே ஏறாமல் கடையில் உட்கார்ந்து பணம் வைக்கிறவனுக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

"ஆதியாத்" என்ற சூராவை நம்மில் சிறுபிள்ளைகளும் ஓதுகிறார்கள். மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது, குளம்படியில் தீப்பொறி பறக்க விடியலில் பாயும் குதிரைகள் மீது அல்லாஹ் சத்தியமிடுகிறான். அப்படிச் சத்தியமிட்டு என்ன சொல்ல வருகிறான்? மனிதன் தன் ரப்புக்கு நன்றி கெட்டவனாயிருக்கிறான் என்றும், பொருளாசையில் கடுமையாயிருக்கிறான் என்றும். குதிரையையும் பொருளாசையையும் ஒரே சூராவில் வைத்தான். எஜமானுக்காக ஓடுவது குதிரை. அதைப் பார்த்துக்கொண்டு பணத்துக்காக ஓடுவது நாம்.

இன்னொரு பேச்சும் உண்டு. "கட்டுகிற பணத்தில் தர்மத்துக்கும் போகிறதே, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கிறார்களே" என்பார்கள். இதற்கு அரபு நாட்டின் பழைய வழக்கத்தைப் பார்த்தால் போதும். ஜாஹிலிய்யாக் காலத்தில், பஞ்சம் வந்த குளிர்காலங்களில் ஓட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகளைப் பையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வந்தவர்கள் ஓட்டகத்தின் விலையைக் கொடுக்கவேண்டும். ஜெயித்தவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதிலே சேராதவனைக் கஞ்சன் என்று பழிப்பார்கள். திருமறை "மைஸிர்" என்று தடுத்தது இதைத்தான் என்று தஃப்ஸீர்களில் இருக்கிறது. ஏழைக்குப் போன இறைச்சி! அதிலே ஜனங்களுக்குச் சில பயன் உண்டு என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ்வே ஒப்புக்கொள்கிறான். பாவம் பயனைவிடப் பெரிது என்றும் சொல்கிறான். பிறகு மாயிதா சூராவில் அடியோடு தடுத்துவிடுகிறான். அங்கே காரணமும் சொல்லப்படுகிறது: உங்களுக்குள் பகையை மூட்டவும், அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்கவும் ஷைத்தான் இதை விரும்புகிறான் என்று. பணம் போகும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணமல்ல. நாம் மேலே போட்ட கணக்கு கணக்கு தெரிந்தவனுக்கு. அல்லாஹ் சொன்ன காரணம் எல்லோருக்கும். ஜெயிக்கிறவனுக்கும் அது ஹராமே.

"வியாபாரமும் ஒரு சூதுதானே நானா?" என்று கேட்கிறவர்கள் நம் தொழில்காரர்களிலேயே உண்டு. வட்டிக்காரர்களும் அந்நாளில் இப்படித்தான், வியாபாரமும் வட்டியும் ஒன்றுதானே என்றார்கள். நாம் மூட்டையைக் கொள்முதல் செய்து வைக்கிறோம். விலை இறங்கினால் நஷ்டம், உண்மைதான். ஆனால் மூட்டையில் அரிசி இருக்கிறது. வாங்குகிறவர் வீட்டில் உலை கொதிக்கிறது. அவர் கையிலும் ஒன்று, நம் கையிலும் ஒன்று. ரேஸில் ஒருவன் சிரிக்கவேண்டுமென்றால் ஒன்பதுபேர் முகம் வாடியே தீரவேண்டும். இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

சரி, நம் கடைக்கு வருவோம். பேச்செல்லாம் பேசி, கடையை விட்டுவிட்டால் என்ன பிரயோசனம்?

முதலாவது, பந்தயப் பணத்தை வாங்கி வைத்துக் கொடுக்கிற காரியம். "நானா, பத்து வெள்ளியை வைத்திருங்கள், ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்" என்று வாடிக்கைக்காரர் சொன்னால், என்ன பணம் என்று கேட்டே தீரவேண்டும். பந்தயப் பணமென்றால் அது கைமாற்று உதவியல்ல, பாவத்துக்குத் துணை. உரிமம் இல்லாத சூதுக்கு இடம் கொடுப்பதும் ஆள் பிடிப்பதும் இந்நாட்டுச் சட்டத்திலும் குற்றம். கடல் தாண்டிக் கோலாலம்பூரில் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதையும் தெரிந்துகொள்க: 1997-ஆம் ஆண்டின் கூட்டரசு ஷரீஅத் குற்றச் சட்டப்படி, சூதாடும் முஸ்லிமுக்கு மூவாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

இரண்டாவது, பத்திரிகை. தினசரிப் பத்திரிகையில் உலகச் செய்தியும் இருக்கிறது, ஒரு பக்கத்தில் ரேஸும் இருக்கிறது. அதை விற்பதை யாரும் தடுக்கவில்லை. ரேஸ் குறிப்பையன்றி வேறொன்றும் இல்லாத தாள் அப்படியல்ல. அதற்கு வேறு உபயோகம் கிடையாது. வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று விற்கிறவருக்குத் தெரியும். அதை அடுக்கில் வைக்காமலிருப்பதே நம் அபிப்பிராயம். சில காசுகள் குறையும். வாடிக்கை போய்விடும் என்று பயப்படுகிறவர் அதற்குப் பதிலாகச் சீட்டுக்கட்டு விற்க ஆரம்பிக்காமலிருந்தால் சரி.

மூன்றாவதுதான் முக்கியமானது. கடைப் பணத்தில் எத்தனைபேர் பணம் கலந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூட்டாளியின் முதல் இருக்கிறது. ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்த பணம் இருக்கிறது. மாதக் கடைசியில் கொடுக்கவேண்டிய பையன்களின் சம்பளம் இருக்கிறது. ஹஜ்ஜுக்கென்று ஒரு மூதாட்டி கொடுத்துவைத்தது இருக்கிறது. இவையெல்லாம் அமானத். ரேஸில் பணம் போட ஆரம்பித்தவன் தன் பணம் தீர்ந்ததும் நிறுத்துவதில்லை. "நாளை ஜெயித்து வைத்துவிடலாம்" என்று அமானத்தில் கை வைக்கிறான். நாளை தான் என்ன சம்பாதிப்போம் என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்று லுக்மான் சூராவின் கடைசியில் சொல்லப்பட்டிருக்க, எந்தக் குறிப்பை நம்பி அடுத்தவர் பணத்தை எடுக்கிறான்? ஆகவே, கடைப் பையன் ஒருவனிடம் இந்தப் பழக்கம் தென்பட்டால், கணக்கு உதைத்த பிறகு போலீசுக்கு ஓடுவதைவிட, இன்றே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அவன் சம்பளத்தில் ஒரு பகுதியை அவன் சம்மதத்தோடு நேரே தாய்க்கு அனுப்பிவிடுங்கள். திட்டி வெளியே தள்ளினால், அவன் போய்ச் சேருமிடம் எதுவென்று நமக்குத் தெரியும். விட முடியாமல் தவிக்கிறவர்களுக்கென்றே 2005-இல் ஏற்படுத்திய தேசிய மன்றம் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே அழைத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, ஜெயித்த பணத்தைப் பள்ளிவாசலுக்கு எழுதுகிறவர்கள் விஷயம். தௌபா செய்கிறவர் கையில் அந்தப் பணம் மிஞ்சியிருந்தால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளிடம் கொடுத்துக் கையைக் கழுவிக்கொள்வது ஒரு வழி. அது கழிவேயன்றி தர்மமல்ல. அதற்குச் சங்கத்தில் ரசீதும் இல்லை, பலகையில் பெயரும் இல்லை. நம் கடைப் பாக்கியை அந்தப் பணத்தால் ஒருவர் தீர்க்க வந்தால்? இன்ன நோட்டு இன்ன வழியில் வந்தது என்று திட்டமாகத் தெரிந்தால் வாங்கக்கூடாது. தெரியாதபோது தோண்டித் துருவவேண்டியதில்லை என்பது ஷாபிஈ நூல்களில் உள்ள முடிவு. சம்பளத் தேதிவரை பொறுக்கிறோம் என்று சொல்லிப் பேரேட்டில் பாக்கியை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.