அச்சமும் விழிப்பும்

72 அகவையில், திருவெறும்பூர் நிலையத்தில் தஞ்சை வண்டியைப் பிடிக்க ஓடி விழுந்தோம். "ஓடாதே" என்று ஆயுள் முழுதும் பிள்ளைகளை அதட்டியவர் நாம்! மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிற்று, அச்சம் அகலவில்லை. தரை நோக்கியே நடந்தோம். கண்ட அன்பர் ஒருவர், "அம்மா ஈர்யா சமிதி காக்கிறீர்கள்" என்று புகழக் கூசினோம். துறவியர் நான்கு முழம் முன்னோக்கி நடப்பது பிறவுயிர் நோகாமைப் பொருட்டு. நாம் குனிந்ததோ நம் எலும்பின் பொருட்டு. அச்சம் நோகஷாயம் ஒன்பதனுள் ஒன்றன்றோ? ஆயினும், நம் அச்சத்தால் மிதிபடாது பிழைத்த எறும்புக்கு இவ்வேறுபாடு உண்டா? எறும்புக்கு இல்லை, நம் வினைக்கு உண்டு. இப்போது கைத்தடியுடன் மலைக்கோயில் தெருவரை செல்கிறோம். நேற்று எறும்புச் சாரை ஒன்றுக்கு ஒதுங்கி நின்றோம். வீடு திரும்பிய பின்னரே மணிக்கட்டின் நினைவு வந்தது.