அறத்தை யார் வாயில் வைப்பது?

சென்னையின் சந்துகளில் வளர்ந்து குற்றத்துக்குள் போகும் பையன்களின் கதையைத் தமிழ்ப்படம் பலமுறை சொல்லியிருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்பில், வாவியின் இருபுறமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அந்தப் படங்களைப் பார்க்கும் பொடியன்களுக்கு வசனங்கள் மனப்பாடம். இரண்டரை மணிநேரம் கத்தியின் கவர்ச்சியைக் காட்டிவிட்டு, கத்தி பிடித்தவன் வாயாலேயே நல்ல வார்த்தை சொல்லவைப்பது சரியா?

வெற்றிமாறனின் 'வட சென்னை'யில் (2018) கடலோரக் குப்பத்தை அகற்ற வரும் திட்டத்தை எதிர்த்து அந்த ஊர்த் தாதா ராஜன் பேசுகிறான். குடிசையானாலும் நம் ஊருக்கு நாமே நிற்கவேண்டும் என்பது அவன் பேச்சின் சாரம். அதில் பொய்யில்லை. போருக்குப் பின் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் எழ, தோணி இழுத்து வைக்கும் கரை சுருங்கக் கண்ட மீனவருக்கு அது சொந்தக் குரல். ஆனால், ஊருக்காக நில் என்று சொல்லித்தான் இதே வாவிக்கரைப் பள்ளிப் பிள்ளைகள் ஆயுதக் குழுக்களுக்குப் போனார்கள். போக மறுத்தவர்கள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். 2004இல் விடுதலைப் புலிகளிடமிருந்து அவர்களின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்த பிறகும் அது ஓயவில்லை. அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலும் ராஜனின் வசனம் ஒலிக்கிறது. அவனைக் கொல்பவர்கள் அவன் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களே என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆயினும் பார்த்தவன் மனதில் தங்குவது பேச்சின் முழக்கம்தான்.

அதற்காக அறம் பேசவே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. செல்வராகவனின் 'புதுப்பேட்டை' (2006) உபதேசம் எதுவுமின்றி முடிகிறது; ரவுடி கொக்கி குமார் அரசியலில் ஏறிவிடுகிறான். அந்த மௌனம் நேர்மையானது. ஆனால் பதினாறு வயதுக்காரனுக்கு அதுவே முன்னேறும் வழியாகவும் தெரியலாம். பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) கடைசியில் கதைநாயகன் காளியைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவனாக்குகிறது. சொல்லோடு செயலும் சேர்வதால் அது நிற்கிறது.

இவற்றைவிட ஆழமாகப் போனது மணிரத்னத்தின் 'நாயகன்' (1987). அங்கே தாதா வேலுவை எதிர்த்து வாதாடி வீட்டைவிட்டே போகிறவள் அவன் மகள் சாருமதி. நல்லவனா கெட்டவனா என்று அவனைக் கேட்பது பேரக்குழந்தை. வேலுவிடம் பதிலில்லை. கத்தி எடுத்தவன் தனக்கான நியாயத்தை எத்தனை அழகாக வேண்டுமானாலும் பேசிக்கொள்வான்; அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பேசும்போதுதான் அது அசைகிறது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்து இதை நெடுங்காலமாக அறியும். வீரன் களரியில் எவ்வளவு ஆடினாலும், அவன் விழுந்தபின் பெண்ணின் புலம்பலுக்கும் அங்கே நேரமுண்டு.

நம் குற்றப் படங்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தைத் தருவதில்லை. 'வட சென்னை'யில் ராஜனின் மனைவி சந்திராவின் துயரம்கூடப் பழிவாங்கும் திட்டமாகவே கதைக்குப் பயன்படுகிறது. தாய்மார் அழுகிறார்கள், பாட்டு வருகிறது, அடுத்த காட்சி. இது எழுத்தாளரின் வசதிக்காகச் செய்யப்படும் அநீதி. ஆயுதம் ஏந்திய பையன்களிடம் பெண்கள் பேசத் துணிந்த வரலாறு கிழக்கிலேயே இருக்கிறது. 1986இல் இன்னொரு ஆயுதக் குழுவான டெலோவின் இளைஞர்களைப் புலிகள் கொல்வதைத் தடுக்க, கிழக்கின் அன்னையர் முன்னணிப் பெண்கள் உலக்கைகளோடு தெருவில் இறங்கினார்கள். அவர்கள் அந்தப் பையன்களிடம் பேசியிருக்கக்கூடிய வசனத்தை எந்தப் படமும் இன்னும் எழுதவில்லை. வளரும் பொடியன் மனப்பாடம் செய்யவேண்டியது அதைத்தான்.