பிள்ளையை நண்பரிடம் ஒப்படைத்தல்: ‘லாக்கீஸ்’ எழுப்பும் கேள்வி

பிளேட்டோவின் ‘லாக்கீஸ்’, வீரம் என்றால் என்ன என்று ஆராயும் நூலாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. ஆனால் வீரம் பற்றிய விசாரணை நூலின் நடுப்பகுதியை நெருங்கும்போதுதான் தொடங்குகிறது. அதற்கு முன், வயதான இரண்டு தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கலாம், யாரிடம் விடலாம் என்று நண்பர்களிடம் யோசனை கேட்கிறார்கள். பிள்ளையை இன்னொருவர் பொறுப்பில் விடும்போது தந்தை எதைக் கைமாற்றுகிறார், எது அவரிடமே தங்கிவிடுகிறது என்ற கேள்வியை இவ்வளவு நேர்மையாக எதிர்கொண்ட பழைய நூல்கள் மிகச் சில.

உரையாடல் நடப்பதாகச் சொல்லப்படும் காலம் கி.மு. 424க்கும் 418க்கும் இடைப்பட்டது. டெலியம் போரில் ஏதென்ஸ் தோற்றுப் பின்வாங்கியபோது சாக்ரடீஸ் காட்டிய நிதானத்தைத் தளபதி லாக்கீஸ் நேரில் கண்டதாகச் சொல்கிறார். அந்தப் போர் நடந்தது 424இல். லாக்கீஸ் மாண்டினியாப் போர்க்களத்தில் இறந்தது 418இல்.

தகப்பன்மார் இருவரும் பெரிய வீட்டுப் பிள்ளைகள். லைசிமாக்கஸின் தந்தை, ‘நீதிமான்’ என்று பெயரெடுத்த அரிஸ்டைடீஸ். கி.மு. 479இல் பிளாட்டீயா போரில் ஏதென்ஸ் படைக்குத் தலைமை ஏற்றவர் அவர். மெலேசியஸின் தந்தை தூசிடிடீஸ், பெரிக்ளிஸை எதிர்த்து அரசியல் நடத்தி நாடுகடத்தப்பட்டவர். வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் வேறு. நண்பர்கள் இருவரும் தத்தம் மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நால்வரும் சேர்ந்துதான் சாப்பிடுவது. அப்போது தாத்தாக்கள் போரிலும் அமைதியிலும் செய்தவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தாங்கள் செய்ததாகச் சொல்லத்தான் ஒன்றுமில்லை. இந்த வெட்கத்தை லைசிமாக்கஸ் மறைக்காமல் சொல்கிறார். தங்கள் தந்தையர் ஊர்க்காரியத்தில் மூழ்கித் தங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்ற மனக்குறையும் அவருக்கு உண்டு. பிள்ளைகளாவது அந்தப் பெயர்களுக்குத் தகுதியாக வளர வேண்டும் என்பதே ஆசை. ஒப்படைத்தலுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு குறையுணர்வு இருக்கும். தான் பெறாததைப் பிள்ளை பெறட்டும் என்ற ஏக்கத்தில் அன்பும் உண்டு, சுயபரிசோதனையிலிருந்து நழுவும் வழியும் உண்டு. பிளேட்டோ இரண்டையும் பார்த்திருக்கிறார்.

முழுக் கவசம் பூண்டு ஆயுதப் பயிற்சி தரும் ஸ்டெசிலாஸ் என்பவரின் வித்தையைப் பார்க்க அவர்கள் நிக்கியாஸ், லாக்கீஸ் என்ற இரு தளபதிகளை அழைத்து வந்திருக்கிறார்கள். இந்தப் பயிற்சி பிள்ளைகளுக்கு நல்லதா என்பதே கேள்வி. பக்கத்தில் நிற்கும் சாக்ரடீஸைக் கேட்காமல் எங்களைக் கேட்பானேன் என்கிறார் லாக்கீஸ். தன் மகனுக்கு டேமன் என்ற இசையாசிரியரை அறிமுகம் செய்தவர் சாக்ரடீஸ்தான் என்கிறார் நிக்கியாஸ். அப்போதுதான் லைசிமாக்கஸுக்கு விளங்குகிறது: பையன்கள் வீட்டில் ஓயாமல் புகழ்ந்து பேசும் சாக்ரடீஸ், தன் பழைய நண்பர் சோஃப்ரோனிஸ்கஸின் மகன். இரு குடும்பமும் ஒரே ஊர்ப்பிரிவைச் சேர்ந்தவை. சோஃப்ரோனிஸ்கஸ் சாகும்வரை இருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. இத்தனை நாள் வீட்டுப்பக்கம் வராமல் இருந்தாயே என்று கிழவர் உரிமையோடு கடிந்துகொள்கிறார். ஆசிரியரைத் தேடிப் போனவர் குடும்ப நண்பரைக் கண்டடையும் இந்த இடம் நூலிலேயே மிகக் கனிவானது.

தளபதிகளின் யோசனை ஒத்துப்போகவில்லை. பயிற்சி உடலுக்கும் போருக்கும் நல்லது, மேலும் கற்கும் ஆவலைத் தூண்டும் என்கிறார் நிக்கியாஸ். போர்க்கலையில் கைதேர்ந்த ஸ்பார்ட்டாக்காரர்கள் இதைச் சீண்டுவதே இல்லை என்கிறார் லாக்கீஸ். இதே ஸ்டெசிலாஸ் ஒரு கடற்சண்டையில் தன் விசித்திர ஆயுதத்தை எதிரிக் கப்பலின் கயிறுகளில் சிக்கவைத்துப் பட்ட அவதியையும் விவரிக்கிறார். ஒருவர் ஆம், ஒருவர் இல்லை. உன் வாக்கு எந்தப் பக்கம் என்று சாக்ரடீஸிடம் கேட்கிறார் லைசிமாக்கஸ்.

பேச்சு இங்கே திசை மாறுகிறது. பிள்ளையின் விஷயத்தை எண்ணிக்கை பார்த்துத் தீர்மானிக்கலாமா, அறிந்தவர் ஒருவரே இருந்தாலும் அவர் சொல்வதை அல்லவா கேட்க வேண்டும் என்கிறார் சாக்ரடீஸ். அடுத்து, அறிவு எதைப் பற்றியது என்ற கேள்வி. கண்ணுக்கு மருந்து போடலாமா என்று யோசிப்பவரின் அக்கறை கண்ணைப் பற்றியது, மருந்தைப் பற்றியது அல்ல. அதுபோல ஆயுதப் பயிற்சி பற்றிய பேச்சும் உண்மையில் பையன்களின் ஆன்மாவைப் பற்றியதே. அப்படியானால் ஆன்மாவைப் பேணத் தெரிந்தவர் இங்கே யார்? தெரியும் என்பவர் தன் ஆசிரியரைக் காட்ட வேண்டும், அல்லது தன்னால் நல்லவரானவர்களைக் காட்ட வேண்டும். தனக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை, சோஃபிஸ்டுகளுக்குக் கட்டணம் தரப் பணமும் இருந்ததில்லை என்று தன் நிலையைச் சொல்லிவிடுகிறார் சாக்ரடீஸ். பாடத்தையும் பள்ளியையும் பற்றிய விவாதம், பிள்ளை எப்படிப்பட்ட மனிதனாக வேண்டும் என்ற கேள்வியை மூடிவிடக்கூடியது. எந்தக் காலத்துப் பெற்றோருக்கும் இந்த ஆபத்து உண்டு. அதைச் சாக்ரடீஸ் முதலிலேயே தடுக்கிறார்.

இதன் விளைவை நிக்கியாஸ் முன்பே அறிந்திருக்கிறார். சாக்ரடீஸோடு எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் பேசுபவர் தன் வாழ்க்கைக்கே கணக்குச் சொல்லும்படி ஆகிவிடும். பையன்களைப் பற்றிய பேச்சு நம்மைப் பற்றியதாக மாறும் என்று எனக்குத் தெரியும் என்கிறார். லாக்கீஸுக்குச் சாக்ரடீஸின் பேச்சு பழக்கமில்லை, செயல்தான் தெரியும். சொல்லும் செயலும் இசைந்திருக்கும் மனிதர் எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்று இணங்குகிறார். வழிகாட்டியிடம் எதைப் பார்த்து நம்பிக்கை வைப்பது என்பதற்கு நூல் தரும் மிகத் தெளிவான பதில் இது. லைசிமாக்கஸோ வயதாகிவிட்டது, மறதி அதிகம் என்று கூறித் தன் இடத்தில் நின்று விசாரிக்கும்படி சாக்ரடீஸிடம் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்.

வீரம் பற்றிய விசாரணை தோல்வியில் முடிகிறது. அணியில் நிலைகுலையாமல் நிற்பது, உள்ளத்தின் பொறுமை, அஞ்ச வேண்டியதையும் துணிய வேண்டியதையும் அறியும் அறிவு என எந்த விளக்கமும் நிலைக்கவில்லை. இருந்தும் தளபதிகள் இருவரும் பிள்ளைகளைச் சாக்ரடீஸிடமே விடச் சொல்கிறார்கள். அவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நமக்கே தெரியவில்லை என்று ஆனபின், முதலில் நமக்கும் பிறகு பையன்களுக்கும் சேர்த்து நல்ல ஆசிரியரைத் தேடுவோம், இந்த வயதில் படிக்கப் போகிறோமே என்று பிறர் சிரித்தால் சிரிக்கட்டும் என்கிறார். பையன்களோடு சேர்ந்து தானும் படிக்கத் தயார், வயது கூடிய அளவுக்கு ஆவலும் கூடியிருக்கிறது என்கிறார் கிழவர் லைசிமாக்கஸ். மறுநாள் விடியற்காலையில் வீட்டுக்கு வரச் சொல்கிறார்; கடவுள் சித்தமானால் வருவதாகச் சாக்ரடீஸ் ஒப்புக்கொள்கிறார். ஒதுங்கியிருந்த தந்தை மாணவராகத் திரும்பி வருகிறார். ஒப்படைத்தல் முறையாக நடக்கிறது என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது பிளேட்டோவின் கருத்தாகத் தெரிகிறது.

அந்த ஆவல் வீட்டில் என்ன பலன் தந்தது என்பதற்குப் பிளேட்டோவே ஒரு குறிப்பு தருகிறார். ‘தீட்டெட்டஸ்’ நூலில் சாக்ரடீஸ் தன்னை மருத்துவச்சியோடு ஒப்பிடுகிறார்: எண்ணங்களைப் பெறுபவர் மாணவர், பிரசவம் பார்ப்பவர் தான். காலத்துக்கு முன்பே தன்னை விட்டு விலகி, பெற்றதையும் கெடுத்துக்கொண்டவர்களில் ஒருவராக லைசிமாக்கஸ் மகன் அரிஸ்டைடீஸை அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். தந்தை தேடித் தந்த உறவில் மகன் தரித்திருக்கவில்லை. பிளேட்டோ எழுதியதல்ல என்று அறிஞர் பலர் கருதும் ‘தியாகெஸ்’ நூலிலும் இதே இளைஞன் வருகிறான். சாக்ரடீஸின் அருகில் உட்கார்ந்தாலே, தொட்டாலே தனக்கு அறிவு கூடியதாகவும், படையெடுப்புக்குப் போய்வந்தபின் எல்லாம் போய்விட்டதாகவும் சொல்கிறான். பெரியவரின் அண்மையே போதும் என்ற இந்த எண்ணம் பக்திக்குப் பொருந்தலாம். தானே உழைத்துப் பெற வேண்டியது அறிவு என்ற ‘தீட்டெட்டஸ்’ பார்வையோடு பொருந்தாது. பின்னதே ஆழமானது.

பிள்ளையைச் சாக்ரடீஸிடம் விடுவது பற்றி ஏதென்ஸில் அச்சமும் இருந்தது. கி.மு. 423இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ நாடகத்தில், கடன்காரரை ஏய்க்கும் வாதத்திறமை வரட்டும் என்று ஒரு தந்தை மகனைச் சாக்ரடீஸிடம் அனுப்புகிறார். படித்து வந்த மகன் தந்தையையே அடித்து, அது சரிதான் என்று வாதாடுகிறான். இளைஞரைக் கெடுக்கிறார் என்ற வழக்கு 399இல் வந்தபோது, இந்த நாடகம் வளர்த்த அவப்பெயரைச் சாக்ரடீஸே சுட்டிக்காட்டுகிறார். தான் யாருக்கும் ஆசிரியராக இருந்ததில்லை என்று சொல்லும் அவர், தன்னோடு பழகிய இளைஞரின் தந்தையரும் அண்ணன்மாரும் மன்றத்திலேயே இருக்கிறார்கள், கெடுத்திருந்தால் அவர்கள் எழுந்து சொல்லட்டும் என்கிறார். கிரிட்டோ உட்படப் பலரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஒருவரும் குற்றம் சாட்ட எழவில்லை.

தண்டனைக்குப் பின் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தந்தையாகச் சாக்ரடீஸே நிற்கிறார். அவருக்கு மூன்று ஆண்மக்கள். ஒருவன் வளர்ந்தவன், இருவர் சிறுவர். தனக்கு மரண தண்டனை அளித்தவர்களிடமே ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: பிள்ளைகள் நற்பண்பைவிடப் பணத்தைப் பெரிதாக நினைத்தால், தான் உங்களை நச்சரித்ததுபோல நீங்கள் அவர்களை நச்சரியுங்கள். சோறும் துணியும் கிரிட்டோ போன்ற நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். தவறும்போது தட்டிக் கேட்கும் பொறுப்பை அவர் பகைவரிடமும் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தப் பிள்ளைகள் பெயர் சொல்லும்படி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை; நிதானமான குலங்கள் காலப்போக்கில் மந்தமாகிவிடும் என்பதற்குச் சைமன், பெரிக்ளிஸ் ஆகியோரின் வழிவந்தவர்களோடு சாக்ரடீஸின் வழிவந்தவர்களையும் அரிஸ்டாட்டில் தன் ‘சொல்லாட்சிக் கலை’யில் உதாரணம் காட்டுகிறார்.