மூல வடிவம் என்பது எது?

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. கட்டணம் 20,000 ரூபாய். எண் தகட்டில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. போக்குவரத்து அலுவலகத்துக்குரிய இந்த நிபந்தனைக்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. அச்சா, சக்கரமா, நுகமா, எது தேர் என்று மிலிந்த மன்னனை மடக்கிய பௌத்தத் துறவி நாகசேனர், ‘தேர்’ என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு நாம் இட்ட வழக்குப் பெயர்தான் என்றார். நியாய வைசேடிகத் தத்துவ மரபினர் இதை ஏற்கவில்லை. முழுமை உறுப்புகளுக்கு அப்பாற்பட்ட தனிப்பொருள் என்றார்கள். ஆனால் ஓர் உறுப்பு போனாலும் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது என்பதும் அவர்கள் கொள்கை. நம் விதி, தெரிந்தோ தெரியாமலோ, அந்த நியாய மரபின் பக்கம் சாய்கிறது.

ஜப்பானின் நான்கு சிலிண்டர் மோட்டார்சைக்கிள்கள் இரண்டை வைத்து இதைச் சோதிக்கலாம். 1969-இல் வந்த ஹோண்டா சிபி750: 736 சிசி, ஒற்றை கேம்ஷாஃப்ட், 67 குதிரைத்திறன், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். 1972-இல் வந்த கவாசாகி இசட்1: 903 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட், 82 குதிரைத்திறன். ஹோண்டாவைச் சேகரிப்பவர்கள் பொருளைத் தேடுகிறார்கள். முதல் 7,414 வண்டிகளின் கிராங்க்கேஸ் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அதை ‘மணல் வார்ப்பு’ என்பார்கள். உண்மையில் அது உலோக அச்சில் வார்த்தது, பெயரே பிழை. ஆனாலும் விலையை அந்தச் சொரசொரப்பே தீர்மானிக்கிறது. கவாசாகியின் கதை வேறு. இசட்1-க்கான சிலிண்டர் ஹெட்டைப் பல பத்தாண்டு கழித்து அந்த நிறுவனமே புதிதாக வார்த்து விற்றது. புது ஹெட் ஏறியதால் அந்த வண்டி வேறாகிவிட்டதா? இல்லை என்பதே என் முடிவு. வண்டியை அதே வண்டியாக வைத்திருப்பது உலோகமல்ல, அறுபடாத கைமாற்றம். பழைய உறுப்பு தேயத் தேய, புதியது அதன் இடத்தில் அமர்ந்து, மீதி வண்டியோடு சேர்ந்து அதே வேலையை ஏற்கிறது. விளக்குச் சுடரைக் காட்டி நாகசேனரும் இதைத்தான் சொன்னார்: முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல.

இப்படிக் கைமாற்றத்தில் தொடர்ச்சியைக் காண்பது வேறோரிடத்திலும் உண்டு. தில்லி மோதி பாக்கில் உள்ள குருத்வாரா 1707-இல் சீக்கிய குரு கோவிந்த் சிங் தங்கிய இடம். மறு ஆண்டு நாந்தேடில் அவர் குருபீடத்தைப் புனித நூலான கிரந்தத்திடம் ஒப்படைத்தார். பத்து குருமார்களின் உடல்களில் விளங்கியது ஒரே ஜோதி என்பது சீக்கியர் நம்பிக்கை. அந்தப் புனிதத்தை இயந்திரத்துக்கு நிகராக்குவது என் நோக்கமல்ல. தொடர்ச்சியை உடலில் தேடாத ஒரு பெரும் மரபு அங்கே உயிரோடு இருக்கிறது என்பதையே சொல்கிறேன். அப்படியானால் அச்சு அசலான நகலும் மூலமாகிவிடுமே என்று கேட்கலாம். ஆகாது. நான்கு குப்பைக் குவியல்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, பழைய சேஸி எண்ணைப் பொறித்த ஹோண்டாவில் ஒவ்வோர் உறுப்பும் அசலாக இருக்கலாம். ஆனால் அந்தச் சுடர் எந்த விளக்கிலிருந்தும் ஏற்றப்பட்டதல்ல. அதிகாரிக்குக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க ஏதாவது வேண்டும், அதற்கு எண்தானே இருக்கிறது என்ற வாதம் நியாயமானது. ஆனால் எண் சாட்சி மட்டுமே, வண்டி அல்ல. எந்த ஆண்டு எந்த உறுப்பு, எதற்காக மாறியது என்று எழுதிவைத்த பழைய சர்வீஸ் புத்தகம் அதைவிட நல்ல சாட்சி. விதி அதையும் கேட்கலாம்.